தலைக்கணக்கா, பணிச்சுமைக் கணக்கா?

ஒரு வட்டாரத்துக்கு எத்தனை மருத்துவர்களும் செவிலியர்களும் தேவைப்படுவர் என்பதை முன்கூட்டிக் கணிக்க இரண்டு வழிகள் உண்டு. மக்கள்தொகை விகிதம் எளியது. 10,000 பேருக்கு மருத்துவர், செவிலியர், பேறுகால உதவியாளர் ஆகிய மூவகையினரும் சேர்ந்து 44.5 பேர் என 2016-இல் உலக சுகாதார நிறுவனம் காட்டிய அளவை மக்கள்தொகையோடு பெருக்கினால் விடை கிடைத்துவிடும். மாநில அளவில் கல்லூரி இடங்களைத் திட்டமிட அது போதும்.

ஆனால் தமிழக-கேரள எல்லையோரம் உள்ள குமுளியிலும் கம்பத்திலும் அது தடுமாறுகிறது. இடுக்கித் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் சிகிச்சைக்காகத் தேனிக்கு இறங்கி வருகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் பக்தர் கூட்டமும் இவ்வழியே போகிறது. இவர்களில் யாரும் கம்பத்தின் தலைக்கணக்கில் இல்லை.

பணிச்சுமைக் கணக்கோ வேலையையே அளக்கிறது. ஆண்டுக்கு 12,000 காயக்கட்டுகள், ஒன்றுக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 3,000 மணி நேரம். விடுப்பு போக ஒரு செவிலியர் 1,500 மணி நேரம் பணியாற்றினால், அந்த ஒரு வேலைக்கே இருவர் வேண்டும். பதிவேடு சரியாக எழுதப்படாத இடத்தில் இக்கணக்கும் பொய்க்கும் என்றாலும், எல்லையோர மருத்துவமனைகளுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

கிடைப்போர் எண்ணிக்கையை மட்டும் இரண்டுமே சொல்வதில்லை. கேரளத்தில் படித்த செவிலியர் பலர் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றுவிடுவதால், செவிலியர் கவுன்சிலில் பதிந்தோர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாமல், ஆண்டுதோறும் சேர்வோர், ஓய்வு பெறுவோர், வெளியேறுவோர் ஆகியோரைத் தனித்தனியே கணக்கிட வேண்டும்.