டைமிங் பெல்ட் மாற்றிய ஒரு மாதத்தில் எஞ்சின் போனது: பெங்களூர் நண்பர்கள் கவனத்துக்கு

பொம்மனஹள்ளி பக்கம் உள்ள ஒரு மெக்கானிக் ஷெட்டில் என் டஸ்டர் டீசல் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றினேன். எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் நேரம் பிசகாமல் சேர்ந்து ஓட வைக்கும் பல் வைத்த பெல்ட் அது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, எஞ்சின் போய்விட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற விஷயம் என்பதால் ஷெட்டின் பெயரைப் போடவில்லை. ஆனால் ஓசூர் ரோடு சுற்றுவட்டாரத்தில் நம் ஆட்கள் பலர் தெரிந்தவர் சொன்னார் என்றுதான் ஷெட் தேடுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பில்லில் "டைமிங் கிட்" என்று போட்டுப் பணம் வாங்கினார்கள். கிட் என்றால் பெல்ட் மட்டும் அல்ல, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்ந்ததுதான். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டபோது, ஸ்கிராப்காரர் எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சேலத்தில் ஒரு காதுகுத்து முடிந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். சூளகிரி அருகே எஞ்சினிலிருந்து டடடவென்று சத்தம் வந்தது, அப்படியே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அழுத்தம், போய்விட்டால் அப்படித்தான் சுற்றும். லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலையோரத்தில், இருட்டில், சின்னப் பிள்ளைகளோடு நின்றோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஷெட்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணே, பெல்ட் கம்பெனி மிஸ்டேக்கா இருக்கும். வேற யாரையும் தொட விடாதீங்க, வண்டியை இங்க தூக்கிட்டு வாங்க, லேபர் குறைச்சுக்கலாம்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. தவறு எங்கே என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி அந்த பெல்ட்டை மூடியிருக்கும் டைமிங் கவருக்குள்தான் இருக்கிறது. அதை அவரே தனியாகத் திறந்தால் அப்புறம் நான் எதைக் காட்டுவது?

வண்டியை ஓசூரில் வேறொரு மெக்கானிக்கிடம் இறக்கினேன். வண்டிச் சேதத்தை மதிப்பிடும், உரிமம் உள்ள சர்வேயர் ஒருவரைக் காசு கொடுத்து வரவழைத்து, அவர் முன்னாலேயே கவரைத் திறக்கச் சொன்னேன், முழுக்க வீடியோ எடுத்தேன். பெல்ட் புதுசு. டென்ஷனர் பழசு. பேரிங் வறண்டு, கையால் ஆட்டினாலே ஆடியது. அந்த ஆட்டத்தில் பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரம் பிய்ந்து, சக்கரத்தின் பல்லில் சரியாக உட்காராமல் தாண்டியிருக்கிறது. இந்த வகை எஞ்சினில் பெல்ட் தாண்டினால், திறந்திருக்கும் வால்வை பிஸ்டன் வந்து இடித்துவிடும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது வால்வுகள் வளைந்திருந்தன, பிஸ்டன்களின் தலையில் இடித்த தடம் பதிந்திருந்தது.

வீடியோவை அனுப்பியதும் ஷெட்காரரின் பேச்சு மாறிவிட்டது. நேற்றுவரை பெல்ட் கம்பெனி மேல் சொன்னவர், இப்போது நான் வண்டியை ஓவராக விரட்டியதால்தான் என்கிறார். விரட்டினால் புது டென்ஷனர் பழசாகிவிடுமா? கிட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இது கவனக்குறைவு இல்லை, ஏமாற்று.

இன்ஷூரன்ஸும் கை கொடுக்கவில்லை. சாதாரண கார் பாலிசியில் மெக்கானிக்கல் பிரேக்டவுன் சேராது. கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் பெரும்பாலும் தண்ணீர் புகுந்தாலோ ஆயில் ஒழுகினாலோ வரும் சேதத்துக்குத்தான்.

ஆகவே பொறுப்பு ஷெட்காரருடையதுதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பணம் வாங்கிச் செய்யும் ரிப்பேரும் சேவைதான், அதில் குறை இருந்தால் இழப்பீடு கேட்கலாம். பொருளைத் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் ஒவ்வொருவருடைய பொறுப்பையும் அந்தச் சட்டம் தனித்தனியாகச் சொல்கிறது. பெல்ட்டே பழுதாக இருந்திருந்தால் கம்பெனியையும் சேர்த்திருப்பேன், இங்கே பெல்ட்டில் குறை இல்லை. நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிந்தேன். அப்புறம் பில், ஜாப் கார்டு, டோயிங் ரசீது, சர்வேயர் அறிக்கை எல்லாவற்றின் நகலையும் வைத்து ஷெட்டுக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். கழற்றிய டென்ஷனரும் வால்வுகளும் சர்வேயர் கையெழுத்தோடு சீல் வைத்து என்னிடம்தான் இருக்கின்றன.

அந்தப் பக்கம் அண்மையில் டைமிங் வேலை பார்த்தவர்கள், நெடுந்தூரம் கிளம்புவதற்கு முன் வேறொரு மெக்கானிக்கிடம் கவரைத் திறந்து டென்ஷனரைப் பார்த்துவிடுங்கள். பழசாக இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். முதலில் பில்லோடு சேர்த்துப் படம் எடுங்கள்.