வாரண்டியில் லேப்டாப் கீபோர்டு மாற்றும் சேவை: நம்பலாம், ஆனால் கண் வைத்திருங்கள்

ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறதா? சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பும் முன் பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் அதே கீயை அழுத்திப் பாருங்கள். அங்கேயும் தகராறு செய்தால் கோளாறு பெரும்பாலும் ஹார்டுவேரில்தான். வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால், 'விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று இழுத்தடிக்க மாட்டார்கள்.

வாரண்டி உற்பத்திக் குறைக்கு மட்டுமே. பல மாடல்களில் உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர், ஈரம் பட்டால் சிவந்துவிடும். சிவந்திருந்தால் இலவச மாற்றம் கிடைப்பது கடினம்.

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கீபோர்டு, அதைச் சுற்றியுள்ள மேல்மூடியோடு பிளாஸ்டிக் ரிவெட்டால் (ஆணி போன்ற நிரந்தரப் பிணைப்பு) பிணைக்கப்பட்டிருக்கும். மேல்மூடியையே முழுசாக மாற்றித் தந்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். ரிவெட்டை உடைத்துவிட்டுப் புதுசை ஒட்டினால் டைப் செய்யும்போது நடுப்பகுதி அமுங்கும். தன் மேக்புக்குகளில் அடிக்கடி கோளாறான 'பட்டர்ஃபிளை' வகை கீபோர்டுக்கு ஆப்பிள் 2018-இல் அறிவித்த இலவசச் சேவை, லேப்டாப் முதலில் விற்ற நாளிலிருந்து 4 ஆண்டுகள் வரை செல்லும் என்று இருந்தது. வடிவமைப்பிலேயே குறை இருந்தால் எல்லா நிறுவனமும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

கொடுக்கும் முன் பேக்கப் எடுங்கள், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரிகவரி கீ எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் ஏற்கெனவே உள்ள கீறல்களையும் குறிக்கச் சொல்லுங்கள்.

திரும்ப வாங்கும்போது அங்கேயே நின்று ஒவ்வொரு கீயையும் தட்டிப் பாருங்கள். பேக்லைட்டுக்குப் பெரும்பாலும் தனி ரிப்பன் கேபிள் உண்டு. அதன் பூட்டுத் தாழ் சரியாக அமராவிட்டால் எழுத்தெல்லாம் விழும், வெளிச்சம் மட்டும் வராது. அவசரத்தில் நடக்கக்கூடிய தவறு இது. டச்பேடு, கைரேகை சென்சார், பவர் பட்டன், அடிப்பக்க ஸ்குரூ எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.