அடிமைகளைப் பற்றிய வேத வசனங்கள்: எந்தப் பதில் தாங்கும்?

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் யாத்திராகமம் 20-இல் இருக்கின்றன, எல்லோருக்கும் தெரியும். அடுத்த அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். ஒருவன் தன் அடிமையைக் கோலால் அடித்து, அவன் அங்கேயே செத்தால் தண்டனை உண்டு. ஒன்றிரண்டு நாள் உயிரோடு கிடந்தால் தண்டனை இல்லை, ஏனென்றால் அடிமை அவனுடைய உடைமை. இதைச் சொன்னவர் கடவுள் என்றால் அவரை நல்லவர் என்று எப்படிச் சொல்வது? இதற்கு வழக்கமாக வரும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதல் பதில், “அது அமெரிக்காவில் நடந்த மாதிரி அடிமைத்தனம் இல்லை, கடனை அடைக்க வேலைக்கு இருந்தார்கள்.” பாதி உண்மை. எபிரெய அடிமைக்கு ஏழாம் வருஷம் விடுதலை. ஆளைக் கடத்தி விற்றால் மரண தண்டனை. தப்பி வந்த அடிமையை எஜமானிடம் திருப்பி ஒப்படைக்காதே என்கிறது உபாகமம் 23. அதற்கும் பழைய, பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்திலோ தப்பியவனை வீட்டில் ஒளித்து வைத்தவனுக்கே சாவுதான். இங்கே வேதம் உண்மையிலேயே மேல். ஆனால் கடனுக்கு விற்கப்பட்ட மனைவி பிள்ளைகளை அதே ஹம்முராபி 3 வருஷத்தில் விட்டுவிடுகிறான், இங்கே 6. அப்புறம் லேவியராகமம் 25:44-46 இருக்கிறதே: அந்நியரை விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாகவும் விட்டுப் போகலாம். இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதற்கு முந்தின வசனங்களோடு நின்றுவிடுகிறார்கள். எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5 நம் பழைய தமிழ் வேதாகமத்தில் “வேலைக்காரரே” என்று தொடங்குவதும் இதற்குத் துணை போகிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு அடிமை என்றுதான் பொருள்.

இரண்டாவது, “மனிதர் தாங்கும் அளவுக்குக் கடவுள் படிப்படியாகத் திருத்தினார்.” நான் பல வருஷம் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தான், இன்றும் இதை எளிதாகத் தள்ள முடியவில்லை. விவாகரத்தை உங்கள் இருதய கடினத்தால்தான் மோசே அனுமதித்தார் என்று இயேசுவே சொல்கிறார் (மத்தேயு 19), அதே கணக்கு அடிமைக்கும் பொருந்தலாம் அல்லவா? ஆனால் மற்ற விஷயங்களில் இந்தப் பொறுமை காணோமே. ஓய்வுநாளில் விறகு பொறுக்கினவனைக் கல்லெறிந்து கொன்றார்கள் (எண்ணாகமம் 15). பன்றிக்கறிக்கு நேரடியாகத் தடை. மனிதனை விற்காதே என்ற ஒரு வரிக்கு மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? பழங்காலத்து மனிதருக்கு அது புரிந்திருக்காது என்பதும் சரியில்லை. கி.பி. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி என்ற ஆயர், கடவுளின் சாயலான மனிதனுக்கு யார் விலை போட முடியும் என்று கேட்டுப் பிரசங்கம் செய்திருக்கிறார்.

“கடவுளின் நன்மை நம் அளவுகோலுக்கு அப்பாற்பட்டது” என்பதும் ஒரு பதில். அப்படியானால் அவரை நல்லவர் என்று சொல்வதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

கடைசியாக, இந்தச் சட்டங்கள் தங்கள் காலத்து வழக்கத்தைக் கடவுளின் வாயில் வைத்த மனிதர்கள் எழுதியவை என்ற பதில். என் முடிவு இதுதான், ஆனால் சும்மா கிடைத்தது இல்லை. எது கடவுளின் குரல், எது மனிதனின் குரல் என்று தீர்மானிக்க நீ யார் என்று கேட்டால், வசனத்தைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எல்லோரும் எப்போதும் பொறுக்கித்தான் எடுத்திருக்கிறார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற சண்டையில் 1845-இல் பிரிந்து உருவான அமெரிக்கத் தெற்கு பாப்டிஸ்ட் சபை, 1995-இல் மன்னிப்புக் கேட்டது. இடையில் வேதத்தில் ஒரு வசனமும் மாறவில்லை. 1807-இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். அதில் இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையாகும் கதை இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிற கலாத்தியர் 3:28 இல்லை. எபேசியர் 6:5 இருந்தது.