சான்சிபாரில் எந்தக் கரை: வடக்கா, கிழக்கா? காலண்டரில் பிறையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

சான்சிபாரின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஜம்பியானி என்ற ஊரில் நாங்கள் கண்விழித்த முதல் காலை, கடலைக் காணவில்லை. முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு வந்து இறங்கியபோது அலை விடுதியின் கடைசிப் படியை நனைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் பத்து மணிக்குத் துண்டும் கையுமாக நானும் மனைவியும் அதே படியில் நின்றால், எதிரே வெள்ளை மணலும் கணுக்கால் ஆழக் குட்டைகளும் மட்டுமே. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், பவளத்திட்டின் மேல் அலை உடைவது மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. முந்தின நாள் பௌர்ணமி. அந்த ஒரு விவரத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எங்கள் பயணத்தை வேறு வரிசையில் அமைத்திருப்போம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சான்சிபாருக்குப் போக நினைப்பவர்கள் விடுதியின் விலையை ஒப்பிடுகிறார்கள், நீச்சல்குளத்தின் படத்தை ஒப்பிடுகிறார்கள். உண்மையில் ஒப்பிட வேண்டியது கரைகளை. தான்சானியாவைச் சேர்ந்த, நாம் சான்சிபார் என்று அழைக்கும் உங்குஜா தீவு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளம் கொண்டது. வடமுனையில் நுங்குவி, அதை ஒட்டி மேற்குப் பக்கமாகக் கெண்ட்வா. தென்கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி. மேற்கில், தலைநகரின் பழைய பகுதியான ஸ்டோன் டவுன். பயணிகளில் பெரும்பாலோர் இந்த மூன்றுக்குள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பெம்பாவும் மாஃபியாவும் தனித் தீவுகள். பெம்பா கிராம்புக்கும் ஆழ்கடல் முக்குளிப்புக்கும் பேர்பெற்றது. மாஃபியாவில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை திமிங்கலச் சுறாக்களைப் பார்க்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு உங்குஜாவே போதும்.

முதலில் ஓதத்தைப் பற்றி. இங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையே நான்கு மீட்டர் வரை வேறுபாடு இருக்கும். சுவாஹிலியில் இந்தப் பெரிய ஓதத்துக்கு ‘பம்வுவா’ என்று பெயர். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு மிகவும் குறைந்துவிடும். நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் முழுதாக வற்றுவது காலை பத்து மணி வாக்கில், அதாவது குளிக்கப் போகும் நேரத்தில். நிரம்புவது மாலை நான்கு மணியை ஒட்டி. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரம் கழித்து அஷ்டமி வரும்போது எல்லாம் தலைகீழாகிக் காலை பத்து மணிக்கு நீர் நிற்கும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். ஜம்பியானிக் கடலில் காலை நேரத்தில் குளிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

வடக்குக் கரைக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. கெண்ட்வாவிலும் நுங்குவியின் மேற்குப் பக்கத்திலும் கரை சட்டென்று ஆழமாகிறது. கரையை ஒட்டி அகலமான பவளத்தளம் இல்லை. எந்தத் திதியிலும் எந்த மணியிலும் இறங்கி நீந்தலாம். சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து ‘குசி’ காற்று அடிக்கும்போது கிழக்குக் கரை அலைக்கழியும். கெண்ட்வா அப்போதும் அடங்கியே இருக்கும். மேற்கு நோக்கிய கரை என்பதால் சூரியன் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். கிழக்கில் தங்கினால் அது கிடைக்காது, உதயம்தான்.

ஒரு எச்சரிக்கை. நுங்குவி என்ற பெயரில் விற்கப்படும் விடுதிகளில் சில, முனையைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே கடல் வற்றும். முன்பணம் கட்டும் முன் வரைபடத்தைத் திறந்து, விடுதி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வடக்கில் எனக்குப் பிடிக்காதவற்றையும் சொல்ல வேண்டும். மணலில் பத்தடி நடப்பதற்குள் ஒருவர் படகுச் சவாரிக்கு அழைக்கிறார், அடுத்தவர் ஓவியம் காட்டுகிறார், மூன்றாமவர் மசாலாப் பொட்டலம் நீட்டுகிறார். பெரிய விடுதிகளின் மதில்கள் ஊரையும் கடற்கரையையும் பிரித்துவிட்டன. கெண்ட்வாவில் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் இரவு விருந்தின் இசை விடியும்வரை தூங்கவிடாது. அமைதி தேடிப் போகிறவர்கள் அந்த நாளையாவது தவிர்க்க வேண்டும்.

ஆனால் அதே நுங்குவியில்தான் இந்தப் பயணத்தின் மிக நல்ல ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது. விடுதிகளைத் தாண்டி ஊர்ப்பக்கம் நடந்தால், மணலில் முட்டுக்கொடுத்து நிறுத்திய மரக்கலங்களைத் தச்சர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முதியவர் பஞ்சை விரலால் திரித்து, எண்ணெயில் தோய்த்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் வைத்தார். தட்டையான உளியை அதன்மேல் பிடித்து மரச்சுத்தியால் இரண்டு தட்டு. பஞ்சு உள்ளே போய் மறைந்தது. அரை அங்குலம் நகர்ந்து மீண்டும் இரண்டு தட்டு. ஒரு பலகையின் நீளத்தை முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நம் கரைகளில் இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். சுவாஹிலியில் ‘கலஃபாதி’. அந்தச் சொல்லைக் கேட்டபோது சிலிர்த்துப்போனேன். ஒரே பெருங்கடலில் கலம் ஓட்டியவர்கள் சொல்லையும் ஏற்றிச் சென்றிருக்கிறார்கள்.

கிழக்குக் கரைக்கு வருவோம். முதல் நாள் ஏமாற்றம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கடல் வற்றிய அந்த வெளியில் ஊரே இறங்கி வேலை செய்துகொண்டிருந்தது. ஜம்பியானியிலும் பாஜேயிலும் 1980களின் இறுதியில் தொடங்கிய கடற்பாசி வளர்ப்பு இன்றும் பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. மணலில் இரண்டு வரிசை முளைக்குச்சிகள், இடையே இழுத்துக் கட்டிய கயிறு, கயிற்றில் சாண் இடைவெளிக்கு ஒரு துண்டுப் பாசி. ஆறு வாரம் போல வளரவிட்டு அறுக்கிறார்கள். வண்ணக் கங்கா துணியை முழங்காலுக்கு மேல் சொருகியபடி, முட்டியளவு நீரில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. பாசியின் எடையை உணரட்டும் என்று என் மனைவியின் கையில் ஒரு கொத்தை வைத்தார். ஈரத்தில் கனமாகவும் ரப்பர் போலவும் இருந்தது. இது காய்ந்து ஏற்றுமதியாகி, பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் கெட்டித்தன்மை தரும் பொருளாகச் சேர்கிறது. கடல்நீர் சூடேறி வருவதால் நல்ல விலை போகும் தடித்த வகை அழுகிவிடுகிறது. மெல்லிய, விலை குறைந்த வகைக்கு மாற வேண்டியதாகிவிட்டது. வற்றிய கடலில் நடப்பவர்கள் அந்தக் கயிறுகளை மிதிக்காமல் நடக்க வேண்டும். படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். கால்களுக்கு ரப்பர் செருப்பும் கட்டாயம், குட்டைகளில் கடல்முள்ளிகள் ஏராளம்.

நாள்தோறும் வற்றும் நேரம் தள்ளிப்போனது. ஆறாம் நாள் காலை எட்டரை மணிக்கு விடுதியின் எதிரே நீந்தும் அளவுக்கு நீர் நின்றது. பவளத்திட்டு அலையை வெளியிலேயே தடுத்துவிடுவதால் உள்ளே குளம் போல அமைதி. என் மனைவி ஐம்பது வயதில் முதன்முதலாகக் கடலில் மிதந்தது அங்கேதான். கெண்ட்வாவின் நீலம் கண்ணுக்கு அழகு. அந்தக் காலைப் பொழுதை அதற்கு ஈடாக நான் தர மாட்டேன்.

பாஜேயும் ஜம்பியானியும் அடுத்தடுத்த ஊர்கள் என்றாலும் ஒன்றல்ல. பாஜே காற்றாடிச் சறுக்கலின் ஊர், அதாவது பெரிய காற்றாடி இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு. குசி காற்று வீசும் மாதங்களிலும், டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குக் ‘கஸ்காசி’ காற்று வீசும்போதும் வானம் முழுக்கக் காற்றாடிகளாக இருக்கும். அந்தக் கயிறுகளுக்கு நடுவே பிள்ளைகளை நீந்தவிட முடியாது. கூட்டமும் உணவகங்களும் வேண்டுமானால் பாஜே, ஊரோடு ஒட்டி இருக்க வேண்டுமானால் ஜம்பியானி.

ஸ்டோன் டவுனை இந்தப் போட்டியில் சேர்ப்பது நியாயமில்லை, அங்கே குளிக்க யாரும் போவதில்லை. ஆனாலும் கடற்கரைக்கு நாள் போதவில்லை என்று அதை அரை நாளில் முடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் ஆங்கிலிக்கத் தேவாலயம் நிற்கிறது. அங்கே காட்டப்படும் தாழ்ந்த அறைகளுக்குள் குனிந்து போய் வந்த பிறகு, ஓமான் சுல்தான்களின் கிராம்புச் செல்வத்தை யார் முதுகில் சுமந்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1883இல் கட்டிய ‘அதிசய மாளிகை’யின் ஒரு பகுதி 2020 கிறிஸ்துமஸ் நாளில் இடிந்து விழுந்தது. சந்துகளில் கதவுகளைக் கவனியுங்கள்: பித்தளைக் குமிழ்கள் பதித்தவை இந்திய மரபு. குஜராத்தி வணிகர்களின் கைத்தடம் இந்த ஊரில் எங்கும் இருக்கிறது. சைவ உணவு எளிதாகக் கிடைப்பதும் தீவிலேயே இங்குதான். கரையோர ஊர்களில் சைவர்கள் சப்பாத்தி, தேங்காய்ப்பாலில் வெந்த பீன்ஸ், சோறு என்று சமாளிக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை மார்ச் நடுவிலிருந்து மே வரை பெருமழை, அப்போது போக வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், ஜனவரி, பிப்ரவரியும் நன்றாக இருக்கும். 2026இலும் 2027இலும் ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். நோன்பு நாட்களில் பகலில் தெருவில் உண்பதும் குடிப்பதும் கூடாது, ஊர்ப்பக்க உணவகங்கள் பல மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் கடற்கரையை விட்டு ஊருக்குள் போகும்போது தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள்.

செலவுக் கணக்கில் பலர் விடுவது ஒன்று: 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபாருக்கு வரும் வெளிநாட்டினர் 44 டாலர் கட்டி அரசின் காப்பீட்டை எடுத்தாக வேண்டும். சொந்தக் காப்பீடு இருந்தாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பறப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசியைப் பத்து நாள் முன்பே போட்டால்தான் சான்றிதழ் செல்லும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், எட்டு இரவுகள் இருக்கின்றன என்றால் அஷ்டமிக்கு இரண்டு நாள் முன்பு ஜம்பியானியில் இறங்குவேன். ஐந்து இரவுகள் அங்கே. பிள்ளைகளோடு என்றால் அந்த ஐந்தும் கெண்ட்வாவில், அப்போது திதி பார்க்க வேண்டாம். இரண்டு கரைக்கும் பிரித்துக்கொள்ளாதீர்கள், நடுவில் அரை நாள் இடம் மாறுவதிலேயே போய்விடுகிறது. மீதி மூன்றும் ஸ்டோன் டவுனுக்கு. கடைசி மாலை சந்து முனையில் உரோஜோ விற்கும் கடையைத் தேடிப் போங்கள்: மாங்காயும் புளியும் போட்ட மஞ்சள் குழம்பில் உருளைக்கிழங்கு, பஜ்ஜி, மொறுமொறுப்பான மரவள்ளி வறுவல், மேலே தேங்காய்ச் சட்னி. நின்றபடியே, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.