டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு: வீட்டுப் பதிவில் ஐபனீஸ் டிஎஸ்9

ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9 என்ற கித்தார் பெடலை (காலால் மிதித்து இயக்கும் ஒலி மாற்றுப் பெட்டியை) கனமான இசை வாசிப்பவர்களிடம் பரிந்துரைக்கும்போதெல்லாம், இதில் போதிய டிஸ்டார்ஷனே (கரகரப்பான ஒலிச் சிதைவே) இல்லையே, மெட்டல் இசைக்கு இது எப்படிச் சரிவரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். 1979இல் வந்த டிஎஸ்808இன் வழியில் 1982இல் வெளியான இந்தப் பச்சை நிறப் பெடலைத் தெளிவான ஒலி தரும் ஆம்ப்பில் (கித்தார் ஒலிபெருக்கியில்) தனியாகச் செருகினால், ப்ளூஸ் வாசிக்கப் போதுமான மென்மையான கரகரப்பு மட்டுமே கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் கொதித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆம்ப்புக்கு முன்னால் வைக்கும்போது இதன் வேலை வேறு. ஓராண்டுக்கும் மேலாக நான் இதை அந்த ஒரு வேலைக்கு மட்டுமே பயன்படுத்தி வருகிறேன்.

தடித்த ஆறாவது தந்தியை டி சுரத்துக்கு இறக்கும் டிராப் டி டியூனிங்கில் அதன் அதிர்வெண் சுமார் 73 ஹெர்ட்ஸ். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜின் மீது வைத்து, அந்தத் தந்தியை வேகமாக பாம் மியூட் செய்து (ஒலியை அடக்கி) வாசித்துப் பதிந்தால், ஒவ்வோர் அடியின் அடிப்பகுதியும் வீங்கி, அடுத்த அடியின் தொடக்கத்தை விழுங்கிவிடும். கை சரியாகத்தான் வாசித்திருக்கும். கேட்கும்போது மட்டும் சேற்றில் நடப்பது போலிருக்கும். கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழைப் பூஜ்யத்திலும், வெளியேறும் ஒலியளவைக் கூட்டும் லெவலை முழுமையாகவும், ஒலியின் கூர்மையை மாற்றும் டோனை நடுவிலும் வைத்துப் பெடலை மிதித்தவுடன், பிக் தந்தியில் படும் அந்தச் சிறு 'டக்' ஒவ்வோர் அடியிலும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்குகிறது.

காரணம் சுற்றமைப்பிலேயே இருக்கிறது. 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லையை வகுக்கின்றன. அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வந்து, மிகக் கீழான ஒலிகள் ஏறத்தாழ வந்த அளவிலேயே வெளியேறுகின்றன. அடுத்து வரும் வடிகட்டி உச்ச ஒலிகளையும் மட்டுப்படுத்துவதால், நடு ஒலி மட்டும் மேடாக எழுந்து நிற்கிறது. டிரைவைப் பூஜ்யத்தில் வைத்தால் பெடல் சும்மா இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்நிலையிலும் நடு ஒலிகள் சுமார் 12 மடங்கு பெருகுகின்றன, முழுவதும் திருப்பினால் அது 118 மடங்கைத் தொடும். ஆகவே இது டிஸ்டார்ஷனைக் கூட்டுவதற்கான கருவி என்பதைவிட, ஆம்ப்புக்குள் போகும் பேஸை (கீழ் ஒலிகளை) அளவோடு நிறுத்தும் கருவி என்று சொல்வதே பொருத்தம்.

வீட்டில் பதிவு செய்யும்போதுதான் ஒரு சிக்கல் எழுகிறது. லெவலை முழுமையாக வைத்த பெடலை நேராக, ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் செருகினேன். கெயின் குமிழை அடிவரை குறைத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே உண்டாகும் டிஜிட்டல் கிளிப்பிங் (அளவு மீறிய ஒலி வெட்டுப்படுவது) ஆம்ப்பின் டிஸ்டார்ஷனைப் போல இனிமையானதல்ல, பின்னர் எதைக் கொண்டும் அதைச் சரிசெய்யவும் முடியாது. எனவே லெவலைப் பாதியாகக் குறைத்து, உச்சங்கள் −12 டெசிபலைத் தாண்டாதபடி பதிவு செய்தேன். 24 பிட் பதிவில் ஒலியை இதைவிட ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அப்படிக் குறைத்ததும் கணினியில் ஆம்ப்பைப் போலவே ஒலிக்கும் மென்பொருளான ஆம்ப் சிமுலேட்டர் சோர்ந்துபோனது. பெடல் எவ்வளவு வோல்ட் தள்ளியது என்பது மென்பொருளுக்குத் தெரியாது, அதனிடம் வந்து சேரும் எண்களை மட்டுமே அது பார்க்கிறது. நான் குறைத்த டெசிபலை சிமுலேட்டரின் உள்ளீட்டுக் குமிழில் திருப்பிக் கொடுத்தவுடன் பழைய உறுமல் வந்துவிட்டது. பெடலைக் குறை சொல்லிக்கொண்டு நான் வீணாக்கிய இரண்டு மாலைப்பொழுதுகளும் இந்த ஒரு குமிழுக்காகத்தான்.

இன்னொரு சங்கடம் இரைச்சல். நடு ஒலிகளுக்கான அந்தப் பெருக்கம் கித்தாருக்கு மட்டுமன்று, அதனுடன் சேர்ந்து வரும் மின்சார ரீங்காரத்தின் நடு ஒலிகளுக்கும் கிடைக்கிறது. ரீங்காரத்தை எளிதில் ஈர்க்கும் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ளவர்கள் இதை உடனே உணர்வார்கள். நாற்காலியைக் கணினித் திரையிலிருந்து சற்றுத் திருப்பி உட்கார்ந்து பாருங்கள், எந்தக் கோணத்தில் ரீங்காரம் அடங்குகிறது என்பது காதுக்கே தெரியும். எஞ்சியதை, வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட் பார்த்துக்கொள்ளும். பேட்டரியில் ஓட்டுபவர்கள் வேலை முடிந்ததும் உள்ளீட்டுக் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையேல் பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்.

ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கித்தார் வரியை) இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடக்கோடியிலும் மற்றதை வலக்கோடியிலும் வைக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இப்பெடல் மிகவும் உதவும். ஒரு தடத்தில் சற்றே வீங்கும் பேஸ், இரண்டு தடங்களில் கிக் டிரம்மையும் பேஸ் கித்தாரையும் மூடிவிடும்; இங்கே அந்த இடம் அவற்றுக்கே விடப்படுகிறது. ஒரே பதிவை நகல் எடுத்து மறுபக்கம் ஒட்டுவதால், இரண்டு முறை வாசிப்பதில் வரும் ஒலி அகலம் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டூம் என்ற மெதுவான, கனத்த மெட்டல் வகையை வாசிப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு வேண்டியதே அந்த வீக்கம்தான். முழுக்க முழுக்க மென்பொருளிலேயே பதிவு செய்பவர்களும் அவசரப்பட வேண்டாம், ஏனெனில் பெரும்பாலான சிமுலேட்டர்களில் இதே பச்சைப் பெடலின் மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. பதிந்த பிறகும் அதன் குமிழ்களை மாற்றலாம், நிஜப் பெடல் வழியாகப் பதிந்ததை மாற்ற முடியாது. வீட்டில் சிமுலேட்டரும் ஒத்திகையில் நிஜ ஆம்ப்புமாக இரண்டுக்கும் நடுவே அலைபவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். நானும் அதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன், பைக்குள் உரசி நகர்ந்துவிடாதபடி டிரைவ் குமிழின் மீது ஒரு துண்டு டேப்பை ஒட்டி.