என் மகளும் குதிரைச் சவாரி சிகிச்சையும்: மூன்று வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்று வருடம் குதிரை ஏறியும் என் மகள் தனியாக நடக்கவில்லை. அன்றும் வாக்கர்தான், இன்றும் வாக்கர்தான். குதிரை ஏறினால் நடந்துவிடுவார்களாமே என்று விசாரிப்பவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்காக எழுதுகிறேன்.

அவளுக்கு ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா, அதாவது செரிப்ரல் பால்சி (பெருமூளை வாதம், சுருக்கமாக சிபி) என்பதில் ஒரு வகை. இரண்டு கால்களிலும் இறுக்கம், கைகள் ஓரளவு பரவாயில்லை, சிபி குழந்தைகளின் நடமாட்டத்தை ஐந்து நிலையாகப் பிரிக்கும் ஜிஎம்எஃப்சிஎஸ் அளவில் மூன்றாம் நிலை. ஆரம்பித்தபோது ஐந்து வயது. தரையில் உட்கார வைத்தால் கூன் போட்டு ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் இருப்பாள், அந்தக் கையை எடுத்தால் பக்கவாட்டில் சரிந்துவிடுவாள். அதாவது விளையாட, சாப்பிட, எழுத எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்தது ஒரே கை. நிற்க வைத்தால் தொடைகள் ஒட்டிக்கொண்டு கால்கள் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும்.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பை நிறையப் பேர் செய்வார்கள். அது சவாரி சொல்லிக்கொடுக்கும் இடம். நல்ல மனிதர்கள்தான், ஆனால் இவளுடைய இடுப்பு எக்ஸ்ரே எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அகலமான முதுகுள்ள பெரிய குதிரை, அதன் மேல் கெட்டியான சேணம், அதில் காலை விரித்து உட்கார வைத்து முக்கால் மணி நேரம் சுற்றினார்கள். அன்று இரவு உள்தொடை வலியில் தூங்கவே இல்லை. மறுநாள் எங்கள் பிசியோவிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டாத குறைதான். சிபி குழந்தைகளுக்கு, அதிலும் காலில் இறுக்கம் உள்ளவர்களுக்கு, தொடை எலும்பின் தலை மெதுவாக இடுப்புக் குழியை விட்டு வெளியே நகரும் அபாயம் உண்டு. அது தெரியாமல் அகலமான குதிரையில் ஏற்றக் கூடாது. எக்ஸ்ரே எடுத்தோம். லேசாக நகர்ந்திருந்தது, ஆனால் ஏறலாம், ஒடுக்கமான குதிரையாக இருக்கட்டும், தவறாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்றார் எலும்பு டாக்டர். மூட்டு முழுதாக விலகியிருந்தாலோ, வலிப்பு கட்டுப்படாமல் இருந்தாலோ, முதுகெலும்பு அதிகம் வளைந்திருந்தாலோ, அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தாலோ டாக்டர் சரி என்று சொல்லாமல் குதிரை பக்கமே போக வேண்டாம்.

அப்புறம்தான் எனக்கு வித்தியாசம் புரிந்தது. சவாரிப் பயிற்சியில் குழந்தை குதிரையை ஓட்டக் கற்றுக்கொள்கிறது, சொல்லிக்கொடுப்பவர் சவாரி ஆசிரியர். ஹிப்போதெரபி என்பதில் குழந்தை ஒன்றும் ஓட்டுவதில்லை. பிசியோவோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ குதிரையின் அசைவையே ஒரு கருவியாக வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கிறார். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி நடத்துகிறவர்கள் உண்டு, சேருவதற்கு முன்னால் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் மூன்று விதமாக அசைகிறது. மேலே இருப்பவரின் இடுப்பு நாம் நடக்கும்போது எப்படி அசையுமோ கிட்டத்தட்ட அப்படியே அசையும். குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி வைக்கிறது என்றால், நடுவில் நிறுத்துவதையெல்லாம் கழித்தாலும் அரை மணி நேரத்தில் 2,000 தடவைக்கு மேல் அந்த அசைவு இடுப்புக்குக் கிடைக்கிறது, ஒவ்வொரு தடவையும் உடம்பு நிமிர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தெரபி மெத்தையில் எந்தப் பிசியோவாலும் இதைச் செய்ய முடியாது, செய்யச் சொன்னாலும் குழந்தை பத்தாவது தடவையில் அழுதுவிடும்.

இரண்டாவது இடத்தில் சேணமே இல்லை. மெத்தென்ற கம்பளி விரிப்பு, பிடிக்கக் கைப்பிடி வைத்த ஒரு பட்டை, அவ்வளவுதான். குதிரையின் உடம்பு நம்மை விட ஒரு டிகிரி போலச் சூடு அதிகம், அந்தச் சூடு நேராகத் தொடையில் படட்டும் என்றுதான் விரிப்பு. முன்னால் கயிறு பிடித்து ஒருவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், கூடவே தெரபிஸ்ட். இதில் வேகம் எல்லாம் கிடையாது, நடைதான். நில், நட, நில், நட என்று மாற்றுவதுதான் பெரிய வேலை, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவள் முன்னால் சாயாமல் தாங்க வேண்டும். பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, கைகளைக் குதிரையின் பின்பாகத்தில் ஊன்றச் சொல்வார்கள். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும், தோளுக்கு அது சரியான வேலை.

முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் இல்லை, தலைக்கவசத்தின் கனத்துக்கே கழுத்து தொங்கியது. வாரம் ஒரு நாள் இதற்காகப் போய் வருவது வீண் என்று வீட்டில் பேச்சு வந்தது, நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டேன். நான்காவது மாதம் ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை இரண்டு கையாலும் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊன்றிக்கொண்டிருந்த கை விடுதலையாகிவிட்டது. அதற்கப்புறம் டாய்லெட்டில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம் என்றாள். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம்.

சவாரி முடிந்து இறங்கியதும் ஒன்றிரண்டு மணி நேரம் கால் இறுக்கம் நன்றாகக் குறைந்திருக்கும், எனவே ஸ்ட்ரெச்சிங்கை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம். ஆனால் அது தங்காது. குதிரைக்குக் குளம்பில் அடிபட்டு மூன்று மாதம் நின்றபோது பழைய கூன் பாதி திரும்பி வந்தது. எங்கள் பிசியோ எப்போதும் சொல்வது: குதிரை கூடுதல் பாடம், பள்ளிக்கூடம் நான்தான்.

ஆராய்ச்சிகளையும் தேடிப் படித்தேன். 2015இல் கொரியாவில் 92 குழந்தைகளை வைத்து, வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் வீதம் எட்டு வாரம் நடத்தியதில் உடல் இயக்க மதிப்பெண் கூடியிருக்கிறது. 2009இல் ஆஸ்திரேலியாவில் பத்து வாரச் சவாரிப் பயிற்சியைச் சோதித்ததில் இயக்கத்தில் சொல்லும்படி மாற்றம் இல்லை. முதலாவது தெரபி, இரண்டாவது சவாரி வகுப்பு என்பதைக் கவனித்தேன், அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

குறைகள் இருக்கின்றன. ஒரு தடவை காற்றில் பறந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்துக் குதிரை மிரண்டது. பக்கத்தில் நின்ற இருவரும் நொடியில் அவள் தொடை மேல் கையைப் போட்டு அழுத்திவிட்டார்கள், அவள் சிரித்தாள், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அவசரமாக இறக்குவதை அவர்கள் ஒத்திகை பார்க்கிறார்களா என்று சேரும்போதே கேட்டிருக்க வேண்டும், நான் கேட்டது அன்றைக்குத்தான். குதிரை எப்படி நடக்கிறது என்றும் பாருங்கள். நொண்டும் குதிரை நொண்டல் நடையைத்தான் இடுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும். இப்போது எட்டு வயது, எடையும் உயரமும் கூடிவிட்டதால் ஏற்றி இறக்குவதே பெரிய வேலை, சாய்தளம் இல்லாத இடமாக இருந்தால் போன வருடமே நிறுத்தியிருப்போம்.

லிஸ் ஹார்டெல் கதையை அவளிடம் சொன்னேன். டென்மார்க்காரர், 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரசாஜ் போட்டியில் வெள்ளி வாங்கினார். பதக்கத்தை விட்டுவிட்டு, அவங்க எப்படி ஏறினாங்க என்று கேட்டாள். ஆள் பிடித்துத்தான் ஏற்றி இறக்குவார்கள் என்றேன். "அப்போ என்னை மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆறு மாதமாகத் தெரபியோடு லகானும் கையில் கொடுக்கிறார்கள். நில் என்று இவள் சொன்னால் குதிரை பாதி நேரம் கேட்கிறது. அடுத்த மாதம் மறுபடி இடுப்பு எக்ஸ்ரே, அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். வருவதாகக் குதிரையிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம்.