காற்று மாசு மீட்டர்: சென்னையில் மூன்று வருடம் வைத்திருந்த பிறகு

இந்தக் கையடக்க பிஎம் 2.5 மீட்டரை (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்தூசியை அளப்பது; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏழாயிரம் ரூபாய் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ரோட்டுக்காக என்றால் யோசியுங்கள், வீட்டுக்காக என்றால் வாங்குங்கள்.

காரணம் உள்ளே இருக்கும் சென்சார். சின்ன ஃபேன் காற்றை இழுக்கும், லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும், சிதறிய ஒளியை வைத்து ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்று எண் போடும். சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் அதற்குச் சரியாகத் தெரியாது. டீசல் புகைத் துகள்களில் எண்ணிக்கைப்படி பெரும்பாலானவை அதைவிடப் பொடிசு. கிண்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஒரு பழைய லாரி முகத்துக்கு நேரே கக்கிவிட்டுப் போகும், கண் எரியும், திரையில் 48 என்பது 55 ஆகும், அவ்வளவுதான். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டையாக்சைடு வாயுவை இது அளப்பதே இல்லை.

வீட்டுக்குள் கதையே வேறு. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றிய அறையில் கொஞ்ச நேரத்திலேயே 400-ஐத் தாண்டியது. நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. மிளகாய் தாளிக்கும்போதும் எண் ஏறும், சாம்பிராணிக்கும் ஏறும், ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் மளமளவென்று இறங்கிவிடும். சுருள் விடியும்வரை விடாது. வருடக்கணக்கில் நான் சொல்லியும் கேட்காத அம்மா, திரையைப் பார்த்த அன்றே கொசுவலை வாங்கி வரச் சொன்னார். பெரியவர்களுக்கு எண் மேல் தனி மரியாதை!

மார்கழி விடியலில் மட்டும் இதை நம்பாதீர்கள். பனி ஈரத்தில் துகள் ஊதிப் பெருக்கும், மீட்டர் அதையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். ஆலந்தூர் அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் மதியத்தில் ஓரளவு ஒத்துப்போகும், விடியலில் என்னுடையது எக்கச்சக்கமாக எகிறி நிற்கும். அந்த மாதிரி நிலையங்களில் உறிஞ்சும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கித்தான் அளப்பார்கள். போகிப் புகை மட்டும் விதிவிலக்கு: அன்றைக்கு இரண்டுமே எகிறும்.

அப்புறம் ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு. என் மீட்டர் அமெரிக்கக் கணக்கில் காட்டுகிறது. 60 மைக்ரோகிராம் இருந்தால் அதில் 150-ஐத் தாண்டிச் சிவப்பு எரியும். இந்தியக் கணக்கில் அதே காற்று 100, ‘திருப்திகரம்’. செட்டிங்கில் மைக்ரோகிராமுக்கு மாற்றிவிடுங்கள், குழப்பம் தீரும்.

பேட்டரி இப்போது பாதி நாள்தான் நிற்கிறது, ஃபேனும் லேசாகக் கரகரக்கிறது. இவ்வகை சென்சார்கள் சிலவற்றுக்கு லேசர் ஆயுளே 8,000 மணி நேரம்தான், இடைவிடாமல் ஓடினால் ஒரு வருடம்கூட வராது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும்படி வைத்திருக்கிறேன். வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் டையாக்சைடும் காட்டும் என்று சொல்லி விலையை ஏற்றினால், அதற்குத் தனி என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியை வைத்து வாயுவை அளப்பது) உண்டா என்று கேளுங்கள்.